பேக்கப் அண்ணனும் சின்ன அம்புக்குறியும்

பேக்கப் அண்ணனுக்கு அந்தப் பட்டம் சும்மா வந்துவிடவில்லை. நாலு மாடிக் கட்டடம். மாடிக்கு இரண்டு மூன்று கடை. கடைக்கு ஒரு கம்ப்யூட்டர். அத்தனை பேரையும் சாயங்காலம் கடையைச் சாத்துவதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் இருப்பதை நகலெடுத்து வைக்கும் காரியத்தைத் தவறாமல் செய்யவைத்தவர் அவர். படிக்கட்டில் குப்பை போடாதீர்கள் என்று கட்டட உரிமையாளர் தொண்டை வறளக் கத்தியும் கேட்காதவர்கள், "காப்பி எடுத்தாச்சா?" என்று இவர் கீழே இருந்து ஒரு குரல் கொடுத்தால் "ஆச்சு அண்ணே" என்று மாடிக்கு மாடி பதில் சொன்னார்கள்.

இத்தனைக்கும் கம்ப்யூட்டர் அவருக்குத் தூரத்துச் சொந்தம்தான். தரைத்தளத்தில், மாடிப்படியை ஒட்டி, ஸ்டிக்கர் வெட்டிப் பெயர்ப்பலகை செய்யும் கடை அவருடையது. எழுத்தும் படமும் போட ஒரு கம்ப்யூட்டர், வெட்ட ஒரு மெஷின், வெட்டிய ஷீட்டிலிருந்து வேண்டாத துண்டுகளை ஊசிமுனையால் உரித்தெடுக்க மனைவி. மூன்றில் பொறுமை வேண்டியது கடைசி வேலைக்குத்தான் என்பதால் அதை அவர் தொடுவதில்லை.

அவர் கைபட்ட பலகைகளில் பாதிக்கு மேல் அம்புக்குறிதான். வண்டி நிறுத்துமிடம் இந்தப் பக்கம், எக்ஸ்ரே அறை அந்தப் பக்கம், அவசர வழி இப்படி, கழிப்பறை அப்படி. அம்பின் தலை எவ்வளவு அகலம், வால் எவ்வளவு நீளம் என்பதில் அவருக்குக் கறாரான கொள்கைகள் உண்டு. வாடிக்கையாளர் யாராவது "கொஞ்சம் வளைச்சுப் பூ மாதிரி போடுங்களேன்" என்று கேட்டுவிட்டால் தொலைந்தார்.

"அம்புங்கறது பாக்கறதுக்கு இல்ல சார். அது எங்க காட்டுதோ அங்க பாக்கறதுக்கு. அம்பையே பாத்துக்கிட்டு நின்னா ஆள் போய்ச் சேர மாட்டான்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வாத்தியார் களை வந்துவிடும். உரித்துக்கொண்டிருக்கும் மனைவி தலையை நிமிர்த்தாமலே, "ஆரம்பிச்சாச்சு" என்பார்.

பட்டம் வந்த கதை இது. சில வருடங்களுக்கு முன் மூன்றாம் மாடித் தையல்காரரின் கம்ப்யூட்டர் ஒருநாள் காலையில் கண்ணைத் திறக்கவில்லை. வாடிக்கையாளர்களின் அளவுகள், வெட்டு மாதிரிகள் எல்லாம் அதோடு போயின. மனிதர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிட்டு அளவெடுத்தார். வயிறு பெருத்தவர்களெல்லாம் கோபித்துக்கொண்டார்கள். அந்தக் கூத்தைப் பார்த்த அண்ணன், தானே முன்நின்று கட்டடம் முழுவதற்கும் ஒரே கடையில் ஒரே மாதிரி கம்ப்யூட்டர்களைப் பேசி வாங்கிக் கொடுத்தார். ஆளுக்கொரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் வாங்கவைத்தார். பொருத்த வந்த ஆள் எல்லா மெஷினிலும் ஒரே ஏற்பாடு செய்துவிட்டுப் போனான்: வேலை சம்பந்தப்பட்டதெல்லாம் உள்ளே வேறொரு டிரைவில், திரையில் 'வேலை' என்ற பெயரில் ஒரு மஞ்சள் படம். அதைத் தட்டினால் எல்லாம் திறக்கும்.

அண்ணன் கற்றுக்கொடுத்த முறை ரொம்பச் சுலபம். டிஸ்க்கைச் செருகு. 'வேலை'யைப் பிடித்து இழுத்து டிஸ்க்கில் போடு. ஏற்கெனவே இருக்கிறதே, மாற்றவா என்று கேட்கும். ஆமாம் என்று அமுக்கு. முடிந்தது. கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது.

"பாத்தீங்களா வேகத்த?" என்று அவர் பெருமைப்பட்டுக்கொள்வார். "டிஸ்க்க பாத்து வாங்கணும். கண்டதையும் வாங்கக் கூடாது."

சந்தேகப்பிராணிகளுக்கு நிரூபித்தும் காட்டுவார். டிஸ்க்கில் போன 'வேலை'யைத் தட்டுவார். உள்ளே எல்லாம் வரிசையாக இருக்கும். அதற்குமேல் யார் என்ன கேட்க முடியும்?

ஒரே ஒருவர் கேட்டார். இரண்டாம் மாடியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சர். பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர்கள், திக்குகிறவர்கள், தொண்டையில் அறுவை செய்துகொண்டவர்கள் அவரிடம் வருவார்கள். முதல்நாள் வந்து உட்கார்ந்ததும் அவர்களுடைய குரலைப் பதிவுசெய்வார். பிறகு மாதாமாதம் பதிவு.

"அண்ணா, இந்தப் படத்தோட மூலையில சின்னதா ஒரு அம்புக்குறி இருக்கே. அது எதுக்கு?"

அண்ணன் குனிந்து பார்த்தார். இடதுபக்கக் கீழ்மூலையில், எறும்பு அளவுக்கு, வளைந்த அம்பு ஒன்று இருக்கத்தான் செய்தது. அது எதற்கு என்று அவருக்குத் தெரியாது. பின்னால் தையல்காரர் நின்றுகொண்டிருந்தார். பல் டாக்டரின் உதவியாளர் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதுவா? காப்பிக்கு ரெடின்னு அர்த்தம் டீச்சர். அம்பு இருந்தா நல்ல ஃபோல்டர்."

டீச்சர் நிம்மதியாகத் தலையாட்டினார். "இல்லண்ணா, கேட்டு வச்சுக்கலாம்னுதான். இங்க இருக்கறது பலகையோ சட்டையோ இல்ல பாருங்க, ஆளுங்களோட குரல். முதல்நாள் குரல ரெண்டாவது தடவை எனக்கு யார் தருவாங்க?"

டீச்சர் மனதில் அப்போது இருந்தவர் அவரிடம் பயிற்சிக்கு வரும் ஏலக்காரர். ஒரு காலத்தில் சந்தைக்கூடத்தில் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரைக்கும் குரலை எறிந்தவர். வாதம் வந்து வலதுகையையும் நாக்கையும் முடக்கியிருந்தது. முதல்நாள் பதிவில் அவர் குரல் ஏதோ அடைத்த குழாயில் தண்ணீர் வருவதுபோல் வந்தது. அதைத் திரும்பப் போட்டுக் கேட்டதும் மனிதர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அழித்துவிடு, அழித்துவிடு என்று இடதுகையால் சைகை காட்டினார். டீச்சர் அழிக்கவில்லை. "இதுலேர்ந்துதான் ஐயா அளக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

இதெல்லாம் பழைய கதை. இனி அந்த நாள்.

புது சிஸ்டம் வந்திருக்கிறது, போட்டுக்கொள், போட்டுக்கொள் என்று எல்லோருடைய திரையின் மூலையிலும் அறிவிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் இறங்குவது அண்ணன்தான் என்பது கட்டடத்தின் எழுதாத சட்டம். காலையில் வந்ததும் டிஸ்க்கைச் செருகி 'வேலை'யை இழுத்துப் போட்டார், பட்டனை அமுக்கினார், காலை நீட்டி உட்கார்ந்தார். புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன. மெஷின் தானே அணைந்து, தானே விழித்து, மறுபடி சுற்றியது. கடைசியில் ஒரு திரை வந்து நின்று, இனி என்ன செய்யலாம் என்று அவரையே கேட்டது. பழையபடி ஆக்க முயல்வதா, எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுவதா?

"யாரையாவது கேட்டுட்டுச் செய்யுங்களேன்" என்றார் மனைவி.

"யாரக் கேக்கறது? கேக்கறவங்க என்னையத்தான் கேப்பாங்க."

எல்லாவற்றையும் நீக்கு. எல்லா டிரைவையுமா? ஆமாம். திரும்ப எடுக்க முடியாது, தெரியும்தானே? தெரியும், தெரியும். அமுக்கினார். அது அழித்துக்கொண்டிருக்கும்போதே, சூட்டோடு சூடாக, கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் வாயாலேயே ஒரு செய்தி பேசிப் போட்டார்.

"எல்லாருக்கும் சொல்றேன், கேட்டுக்குங்க. புது சிஸ்டம் போடறவங்க முதல்ல நம்ம முறைப்படி காப்பி எடுத்துருங்க. அப்பறம் நடுவுல சுத்திக்கிட்டே நின்னுட்டா பதறாதீங்க, எனக்கும் நின்னுச்சு. நம்ம எல்லாருக்கும் ஒரே மெஷின்தானே, உங்களுக்கும் நிக்கும். 'எல்லாவற்றையும் நீக்கு'ன்னு ஒண்ணு வரும். தைரியமா அமுக்குங்க. ஒழுகற வீட்டுக்கு ஒட்டுப் போடறதவிட இடிச்சுக் கட்டறது நல்லது. காப்பி இருக்கு, அப்பறம் என்ன பயம்?"

கட்டைவிரல்கள் மளமளவென்று விழுந்தன. "நீ சொன்னா சரி பேக்கப்பு" என்று தையல்காரர் எழுதினார். டீச்சரும் ஒரு கும்பிடு போட்டிருந்தார்.

புது சிஸ்டம் வந்தது. திரை கழுவிவிட்ட தரைபோலப் பளிச்சென்று இருந்தது. அண்ணன் டிஸ்க்கைச் செருகினார். 'வேலை' இருந்தது, மூலையில் அம்புக்குறியோடு. தட்டினார்.

இது காட்டும் இடம் காணப்படவில்லை என்றது கம்ப்யூட்டர்.

இன்னொரு முறை தட்டினார். டிஸ்க்கைப் பிடுங்கி ஊதி, வேறு துளையில் செருகித் தட்டினார். பிறகுதான் அதன் அளவைப் பார்த்தார். இத்தனை வருட வேலையும் அடங்கியதாக அவர் நம்பியிருந்த அந்தச் சாமான், போனில் வரும் ஒரு காலை வணக்கப் படத்தைவிடச் சிறியதாக இருந்தது.

காதுமடல் முதலில் சுட்டது. பிறகு கழுத்து. பின்னாலிருந்து மனைவி, "என்னங்க, வந்துருச்சா?" என்று கேட்டார்.

"வந்துக்கிட்டே இருக்கு."

"பல் டாக்டர் போர்டு இன்னிக்கு வெட்டணும்."

"அதான் வந்துக்கிட்டே இருக்குங்கறேன்ல!"

கத்தியதே அவரைக் காட்டிக்கொடுத்திருக்கும். மனைவி ஊசியை ஷீட்டில் வைத்துவிட்டு ஒரு பார்வை பார்த்தார். மறுபடி எடுத்துக்கொண்டார். அண்ணன் டிஸ்க்கைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, "இதோ வந்துட்டேன்" என்று தெருவில் இறங்கினார். திருடிக்கொண்டு போகிறவனைப்போல நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பெண்ணின் கடை இரண்டு தெரு தள்ளி. சின்னக் கடை, வாசல்வரைக்கும் திறந்துகிடக்கும் மெஷின்கள். காதில் பேனா செருகுவதுபோல் ஸ்க்ரூடிரைவர் செருகியிருப்பார். அண்ணன் இதுவரை அங்கே போனதில்லை. 'அவங்ககிட்டப் போற நிலைமைய நான் வரவிடறதில்ல' என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

அந்தப் பெண் டிஸ்க்கைத் தன் மெஷினில் செருகினார், பார்த்தார். வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். ஒன்றுமில்லை.

"சார், இது ஃபோல்டர் இல்ல. ஷார்ட்கட்."

"அப்படின்னா?"

"அசல் உள்ள வேற எடத்துல இருக்கும். இது அங்க போறதுக்கு வழி. இந்த அம்பு இருக்கு பாருங்க, அதுக்கு அதான் அர்த்தம். அசல் இருக்கற வரைக்கும் இத எங்க வச்சுத் தட்டினாலும் திறக்கும். அசல் போயிருச்சுன்னா..." அவர் அண்ணனின் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த கடை விசிட்டிங் கார்டைப் பார்த்தார். அதிலும் ஓர் அம்பு இருந்தது, தடித்த தலையும் அளவான வாலுமாக. "சார் போர்டு வேலையா? அப்ப உங்களுக்கே தெரியுமே. கடைக்கு வழி காட்டற போர்டக் கழட்டிப் பத்திரமா வச்சுட்டு, கடைய இடிச்சுட்டீங்க."

கேலியாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தப் பெண் நோயாளியிடம் பேசும் நர்ஸ்போல மெதுவாகச் சொன்னார். அண்ணன் தரையில் கிடந்த திருகாணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மெஷின உடனே ஆஃப் பண்ணுங்க. அதுல இனிமே எதையும் ஏத்தாதீங்க. கொண்டு வாங்க, தோண்டிப் பாக்கறேன். கொஞ்சம் வரும். ஆனா பேரு இருக்காது, எது எதுன்னு நீங்கதான் பாத்துப் பிரிக்கணும்."

"சரிம்மா. அப்பறம்... இத யார்கிட்டயும்..."

"நான் ஏன் சார் சொல்லப்போறேன்? தினமும் யாராவது இப்படி வரத்தான் செய்றாங்க. நீக்காம வந்தா பொழச்சுக்கும், மெஷினுக்குள்ள இருக்கற டிஸ்க்கக் கழட்டி எல்லாத்தையும் எடுத்துரலாம். நீக்கிட்டு வந்தாதான் கஷ்டம்."

வெளியே வந்தார். யாருக்கும் தெரியாது, கொஞ்சம் திரும்ப வரும், பல் டாக்டரிடம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். இப்படியே கணக்குப் போட்டுக்கொண்டு தெருமுனைவரை நடந்தவருக்கு, அங்கே, அவரே செய்து மாட்டிய 'வண்டி நிறுத்துமிடம்' பலகைக்குக் கீழே, கால் நின்றுவிட்டது.

நீக்காமல் வந்தால் பிழைத்துக்கொள்ளும். நீக்கச் சொன்னது யார்?

போனை எடுத்தார். ஒரு யோக்கியன் அப்போது என்ன செய்திருப்பான் என்பது அவருக்குத் தெரியும். அவர் அதைச் செய்யவில்லை. தான் பேசிப் போட்டிருந்த செய்தியை விரலால் அழுத்திப் பிடித்து அழித்தார். பிறகு, "இன்று யாரும் அப்டேட் போட வேண்டாம், நெட் சரியில்லை" என்று எழுதினார். நெட் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு போனதும் அதே நெட்தான்.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று குழுவில் ஒரு வரி வந்து உட்கார்ந்தது. எல்லோர் கண்ணிலும் படும்படி, தழும்பு மாதிரி.

"என்னத்தப்பா அழிச்ச?" என்று கேட்டார் தையல்காரர். "நான் கேட்டுட்டேன். நல்லாத்தானே பேசியிருந்த?"

அடுத்த நிமிடம் டீச்சரிடமிருந்து வந்தது. "நான் காலையிலேயே ஆரம்பிச்சுட்டேனே அண்ணா. நீங்க சொன்ன மாதிரியே நின்னுருச்சு. ஐயாவோட வகுப்பு முடியப்போகுது. முடிஞ்சதும் நீங்க சொன்னத அமுக்கிடறேன்."

அண்ணன் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டார். வகுப்பு நேரத்தில் டீச்சர் போனை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவார். எட்டிப் பார்த்து ஒரு பதில் போட்டுவிட்டு மறுபடி உள்ளே தள்ளியிருப்பார். அண்ணன் ஓடினார். அந்த உடம்பு ஓடிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து வழிவிட்டார்கள். சொந்தக் கடையைத் தாண்டி ஓடியபோது மனைவி, "ஏங்க, என்னங்க?" என்று எழுந்து நின்றது கண்ணின் ஓரத்தில் தெரிந்தது. படியேறும் முதல் திருப்பத்தில் அவருடைய பலகை: 'பேச்சுப் பயிற்சி, இரண்டாம் மாடி.' பக்கத்தில் மேல்நோக்கிய அம்பு. அதைப் பார்க்க முடியாமல் படியைப் பார்த்துக்கொண்டே ஏறினார்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஏலக்காரரின் குரல் கேட்டது. அவருக்குத் தெரிந்த பாடத்தை வைத்தே டீச்சர் பயிற்சி கொடுப்பார்.

"ஒ...ரு தரம்."

"அருமை ஐயா. மூச்சு விட்டுட்டு அடுத்தது."

"ரெ...ண்டு தரம்."

"கடைசி ஒண்ணு. சொல்லிட்டீங்கன்னா இன்னிக்கு வகுப்பு முடிஞ்சுது. நானும் இத அமுக்கிட்டு வந்துடறேன்." டீச்சரின் கை மவுஸை நோக்கிப் போனது.

"மூ..."

"டீச்சர்!"

மூன்றாம் தரம் வரவில்லை. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனுக்கு மூச்சு வாங்கியது, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அமுக்காதீங்க. கைய எடுத்துருங்க."

"என்னண்ணா ஆச்சு? நெட்டா?"

அந்த இடத்தில் ஒரு வாசல் திறந்திருந்தது. ஆமாம் டீச்சர், நெட்தான். அணைத்துவையுங்கள், நான் எடுத்துப்போய்ச் சரிபண்ணிக் கொண்டுவருகிறேன். அவ்வளவு சொன்னால் போதும். மெஷினைப் பழுதுபார்க்கும் பெண்ணிடம் கொடுத்து, பத்திரமாகத் திரும்ப வாங்கிவந்து, பட்டம் கசங்காமல் படியிறங்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

"ஆனா காப்பிதான் இருக்கே அண்ணா" என்றார் டீச்சர், மேசைமேல் இருந்த டிஸ்க்கைத் தொட்டுக்காட்டி. "நேத்து சாயங்காலமும் எடுத்தேன். நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியே 'வேலை'ய இழுத்து..."

"அதுல ஒண்ணுமே இல்ல டீச்சர்."

"எதுல?"

"அந்த டிஸ்க்குல. உங்க டிஸ்க்குல, என் டிஸ்க்குல, இந்தக் கட்டடத்துல இருக்கற ஒரு டிஸ்க்குலயும் ஒண்ணும் இல்ல. நான் சொல்லிக் கொடுத்தது காப்பியே இல்ல. என்னோடது போயிருச்சு. காலையிலயே போயிருச்சு."

பின்னால் செருப்புச் சத்தம். ஓட்டத்தைப் பார்த்து மேலேயிருந்து தையல்காரர் இறங்கி வந்திருந்தார், கழுத்தில் டேப். அவருக்குப் பின்னால் பல் டாக்டரின் உதவியாளர். கீழேயிருந்து மனைவியும் ஏறி வந்துவிட்டார், கையில் ஊசியோடு. அன்று அம்புக்குறியைப் பற்றிக் கேட்டபோது சுற்றி நின்ற அதே கூட்டம், மனைவி மட்டும் கூடுதல்.

"அன்னிக்கு அந்த அம்பு என்னன்னு நீங்க கேட்டீங்க டீச்சர். எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. வாய்க்கு வந்தத அடிச்சுவிட்டேன்."

யாராவது திட்டினால் நன்றாயிருக்கும் என்று அண்ணனுக்குத் தோன்றியது. டீச்சர் மவுஸை மேசையின் கோடிக்குத் தள்ளினார், அது சுடுவதுபோல. அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபத்துக்கு முன்னால் வரும் ஒரு வெறுமை இருந்தது. கண்கள் ஏலக்காரரிடம் போய், டிஸ்க்கிடம் போய், மறுபடி திரைக்கு வந்தன.

"அப்ப இத்தன வருஷமும்..." என்றார்.

"ஆமா."

"நான் தினமும் எடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் அண்ணா."

அண்ணன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தையல்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அடப்பாவி. நான் மறுபடியும் ஊர் வயித்த எல்லாம் அளந்துருப்பேனேய்யா." யாரோ மூக்கால் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் காற்று வந்தது.

டீச்சரின் மெஷினை அணைத்து, வயர்களைக் கழற்றி, அண்ணனே தூக்கிக்கொண்டு போனார். போவதற்கு முன் படிக்கட்டில் நின்று குழுவில் இன்னொரு செய்தி பேசினார். இரண்டு முறை தொண்டை அடைத்தது. பேசியதை அழிக்காமல் அப்படியே போட்டார். யாரும் எதையும் நீக்காதீர்கள். நான் சொன்ன முறை தப்பு. அந்த அம்பு வெறும் வழி, பொருள் இல்லை. எனக்குத் தெரியாமல் சொல்லிவிட்டேன். இம்முறை ஒரு கட்டைவிரல்கூட விழவில்லை. எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்பதற்கு அடையாளமாக நீல டிக்குகள் மட்டும் வந்தன.

பழுதுபார்க்கும் பெண் டீச்சரின் மெஷினுக்குள் இருந்த டிஸ்க்கைக் கழற்றித் தன் மெஷினில் மாட்டினார். குரல்கள் எல்லாம் இருந்தன. அவற்றை டீச்சரின் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு ஏற்ற ஆரம்பித்தார். பச்சைக்கோடு நகர்வதாகவே தெரியவில்லை.

"எவ்வளவு நேரம்மா ஆகும்?"

"சாயங்காலம் ஆயிரும் சார். காப்பின்னா அப்படித்தான்."

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். போகச் சொல்லியும் போகவில்லை. ஒவ்வொரு பெயராக வந்து மறைந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவரின் முதல்நாள், யாரோ ஒருவரின் மூன்றாம் மாதம். ஒரு காப்பி இத்தனை மெதுவாக வரும் என்பதை அவர் முதன்முறையாகப் பார்த்தார். கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்த அத்தனை சாயங்காலங்களும், 'பாத்தீங்களா வேகத்த' என்று தான் நிமிர்ந்து நின்ற அத்தனை நிற்பும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. காதுமடல் திரும்பத் திரும்பச் சுட்டது.

கடைக்குத் திரும்பியபோது மனைவி விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சரோடது?"

"எல்லாம் இருக்கு. புது சிஸ்டத்தையும் சுத்தமாப் போட்டு, எல்லாத்தையும் திரும்ப ஏத்திக் கொடுத்துடறேன்னு சொல்லியிருக்கு அந்தப் பொண்ணு."

"நம்மளோடது?"

"பாதி வரலாம். பேரு இருக்காதாம்."

மனைவி ஷீட்டிலிருந்து ஒரு துண்டை உரித்தெடுத்தார். பிறகு, "காலையில வந்துக்கிட்டே இருக்குன்னு சொன்னீங்களே" என்றார். "எங்கேர்ந்து வந்துச்சு?"

அண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"கம்ப்யூட்டரப் பத்தித் தெரியாததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு முன்னாடி எதுக்கு அந்தப் பேச்சு? கூடவே உக்காந்து உரிக்கறவதானே நான்?"

ஊர் முன்னால் சொன்னதைவிட இதுதான் உள்ளே இறங்கியது. அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு ஊசியை எடுத்தார். பாதி உரித்த ஷீட்டின் மறுமுனையிலிருந்து அவரும் உரிக்க ஆரம்பித்தார். இரண்டு எழுத்தைக் கிழித்தார். மனைவி கண்டிக்கவில்லை, "மெதுவா" என்று மட்டும் சொன்னார்.

அவர்களுடையதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவே திரும்பி வந்தது. பெயரில்லாத பலகைகளை ஒவ்வொன்றாகத் திறந்து இது யாருடையது என்று இருவரும் உட்கார்ந்து அடையாளம் கண்டார்கள். கட்டடத்தில் தையல்காரர் அவரை இப்போது 'ஷார்ட்கட்டு' என்று கூப்பிடுகிறார். மற்றவர்கள் நாகரிகம் கருதி எதையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சாயங்காலம் படிக்கட்டில் யாரும் குரல் கொடுப்பதில்லை. அவரவர் அவரவர் காப்பியை எடுத்துக்கொள்கிறார்கள்.

அதனால், ஒரு மாலை டீச்சர் தன் டிஸ்க்கோடு கவுன்டரில் வந்து நின்றபோது அண்ணன் திடுக்கிட்டார். பக்கத்தில் ஏலக்காரர், தடியை ஊன்றிக்கொண்டு.

"அண்ணா, நான் எடுத்த காப்பி. உங்க மெஷின்ல போட்டுத் திறக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. வேற மெஷின்ல திறந்தாதான் நிஜமாமே, அந்தப் பொண்ணு சொன்னாங்க."

"எங்கிட்டயா டீச்சர்?"

"பின்ன? இந்தத் தப்ப உங்கள மாதிரி யாருக்குத் தெரியும்?"

குத்தலா, நம்பிக்கையா என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது. டிஸ்க்கை வாங்கிச் செருகினார். மூலையில் அம்பு இல்லை. இரண்டு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். அளவைப் பார்த்தார். உள்ளே போய், கையில் அகப்பட்ட முதல் பதிவைத் தட்டினார்.

அடைத்த குழாயில் தண்ணீர் வருவதுபோல் ஒரு சத்தம் கடை முழுக்க நிறைந்தது. ஒரு சொல்லாகக்கூட ஆகாத சத்தம். அண்ணன் பதறி நிறுத்தப் போனார். ஏலக்காரர் இடதுகையைத் தூக்கித் தடுத்தார். முடியும்வரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அண்ணனும் தரையைத்தான் பார்த்தார். இரண்டு ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

"நா...னா அது?"

"ஆமாங்கய்யா" என்றார் அண்ணன்.

ஏலக்காரர் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இரு...க்கட்டும்" என்றார். "அழிக்...காத."

அண்ணன் தலையாட்டினார். டிஸ்க்கைப் பக்குவமாகக் கழற்றித் துணியால் துடைத்து இரண்டு கையாலும் கொடுத்தார். அவர்கள் படியேறிய பிறகு போனை எடுத்து, குழுவில் ரொம்ப தூரம் மேலே போய், படிக்கட்டில் நின்று பேசிய அந்தச் செய்தியைத் தேடிப் பிடித்தார். தினமும் அதை அழித்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்துகொண்டிருந்தது. தொண்டை அடைக்கிற தன் குரலை முழுசாக ஒருமுறை கேட்டார். காதுமடல் சுட்டது. மனைவி ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஷீட்டின் மறுமுனைக்குப் போய் உட்கார்ந்தார்.